கீழே விழுந்த போன்: டிஸ்பிளே மட்டும்தானா, போர்டும் போயிருக்குமா?

பெரம்பூர்_தையல்:

அம்மாவின் போன் பெரம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் கைதவறி விழுந்து நாலைந்து படி உருண்டுவிட்டது. கண்ணாடியின் மேல் மூலையில் சின்னதாக ஒரு விரிசல்தான். ஆனால் திரை முழுக்க இருட்டு. கூப்பிட்டால் மணி அடிக்கிறது, அதிர்கிறது, சார்ஜர் செருகினால் சத்தமும் வருகிறது. ஆண்ட்ராய்டு போன், அமோலெட் திரை, வாங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது.

தெருமுனைக் கடையில் காம்போ (கண்ணாடியும் டிஸ்பிளேயும் சேர்ந்த பாகம்) மாற்றினால் சரியாகிவிடும், 7,500 ரூபாய் என்றார்கள். இன்னொரு கடையில், போர்டிலும் (உள்ளே சிப்கள் இருக்கும் மின்சுற்றுப் பலகை) அடிபட்டிருக்கும், டிஸ்பிளே போட்ட பிறகு ஓடாவிட்டால் காசைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை.

அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். அளவு எழுதிய நோட்டுப் பக்கங்களின் படங்கள், வாடிக்கையாளர்கள் அனுப்பிய டிசைன்கள், யார் எவ்வளவு முன்பணம் கொடுத்தார்கள் என்ற கணக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது. தீபாவளி ஆர்டர் கையில் இருக்கிறது. போன் போனால்கூடப் பரவாயில்லை, உள்ளே இருப்பது கிடைக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேசைவிளக்கு:

ரிச்சி தெருவில் ஒரு மாடி அறையில் பல வருடமாக போர்டு வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே நல்ல சேதி இருக்கிறது மேடம். மணி அடிக்கிறது என்றால் பிராசசர், மெமரி, நெட்வொர்க், பவர் ஐசி (மின்சாரத்தைப் பங்கிடும் சிப்) எல்லாம் வேலை செய்கின்றன. போர்டு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. அமோலெட் என்பது ஓலெட் வகைத் திரை. அதன் பேனல், அதாவது படம் காட்டும் தகடு, மிக மெல்லியது. கண்ணாடியில் முடியளவு விரிசல் விட்டாலும், அதன் அடியில் இருக்கும் பேனல் மொத்தமாக அணைந்துவிடலாம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வேறு போனிலிருந்து கூப்பிட்டு, அழைப்பை எடுக்க வழக்கமாக எங்கே, எப்படி விரலை இழுப்பீர்களோ அப்படியே இருட்டுத் திரையில் இழுங்கள். எடுத்துவிட்டால் டச் வேலை செய்கிறது, படம் மட்டும்தான் போயிருக்கிறது.

அடுத்தது, போனை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், ஆஃப் ஆகவும் விடாதீர்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த போன்கள் எல்லாவற்றிலும் தகவல் பூட்டப்பட்டே சேமிக்கப்படுகிறது. ஒருமுறை அணைந்து எழுந்தால், பின் நம்பரைப் போட்ட பிறகுதான் அந்தப் பூட்டு திறக்கும். திரை தெரியாமல் பின் போடுவது பெரிய பாடு. இப்போது அது ஏற்கெனவே திறந்த நிலையில் இருப்பதால் கைரேகை வைத்தாலே போதும். அதுவும் எத்தனை நாளைக்கும் ஓடாது. கடைசியாகப் பின் போட்டு 72 மணி நேரம் ஆனால் மறுபடி பின் கேட்கும்.

சார்ஜ் போடலாம், ஆனால் பகலில், கண்ணெதிரே, மெத்தை மேல் வைக்காமல். பின்பக்கம் எங்காவது மேடு தட்டினாலோ சூடானாலோ உடனே பிடுங்கிவிடுங்கள்.

பெரம்பூர்_தையல்:

இழுத்துப் பார்த்தேன், அழைப்பு எடுக்கிறது! அம்மாவின் முகம் இப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. மிக்க நன்றி அண்ணா. இனி என்ன செய்வது?

கிண்டி_பையன்:

அக்கா, 7,500 எல்லாம் கொடுக்காதீர்கள். இதில் பாதிக்கும் கீழே காப்பி காம்போ கிடைக்கும். பர்மா பஜாரில் விசாரித்துப் பாருங்கள். பேரம் பேசலாம்.

மேசைவிளக்கு:

தம்பி சொல்லும் விலைக்குக் கிடைக்கும்தான். ஆனால் அது என்ன பொருள் என்று தெரிந்து வாங்க வேண்டும். அமோலெட் போனுக்கு விலை குறைவாக வரும் காம்போவில் பாதிக்கு மேல் எல்சிடி. படம் வரும், டச்சும் வரும். ஆனால் எல்சிடிக்குப் பின்னால் பேக்லைட் (வெளிச்சம் தரும் விளக்கு) வேண்டும் என்பதால் தடிமன் கூடி, ஃபிரேமில் சரியாக உட்காராமல் ஓரம் தூக்கி நிற்கும். திரைக்குள் கைரேகை வைக்கும் போனாக இருந்தால் அந்த வசதி போய்விடும், ஏனென்றால் அந்த சென்சார் ஓலெட் பேனல் வழியாக விரலைப் பார்க்கும்படி செய்யப்பட்டது. பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

கடையில் நாங்கள் சொல்லும் தரங்கள் இவை: கம்பெனி பெட்டியோடு வருவது சர்வீஸ் பேக், வேறு போனிலிருந்து கழற்றியது ஒரிஜினல் புல், வெளியில் செய்த ஓலெட், கடைசியில் இன்செல் அல்லது டிஎஃப்டி என்கிற எல்சிடி. "ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்று யாராவது சொன்னால், ஓலெட்டா எல்சிடியா என்று நேராகக் கேளுங்கள். பில்லில் அந்தச் சொல்லை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

மேடம், உங்கள் வேலைக்கு முதலில் காம்போ வாங்கவே வேண்டாம். கடைக்குப் போய், "ஒட்டாமல் கனெக்டரில் மட்டும் ஒரு டிஸ்பிளேயை மாட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இதை நாங்கள் தினமும் செய்கிறோம். பின்மூடியைச் சூடுகாட்டித் திறந்து, பேட்டரி கனெக்டரைப் பிடுங்கி, பழைய திரையின் பட்டையை எடுத்துவிட்டு டெஸ்டிங் டிஸ்பிளேயைச் செருகினால் படம் வந்துவிடும். பேட்டரியைப் பிடுங்கியதால் போன் புதிதாக எழும், பின் கேட்கும், திரை கண்முன்னே இருப்பதால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். போர்டு நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கும் அப்போதே பதில் கிடைத்துவிடும். அதற்கு அப்புறம் காம்போ போடுவதா, வேறு போன் வாங்குவதா என்று நிதானமாக முடிவு செய்யலாம். கேட்ட கூலியை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். நம்பிக்கைக் குறைவால் சொல்லவில்லை. அடுத்தவருடைய பின் எங்கள் மேசையில் கிடப்பது எங்களுக்கும் நல்லதில்லை.

பக்கத்துக் கடை மறுத்தால் அண்ணா சாலைப் பக்கம் வாருங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ரிச்சி தெருவோடு நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை என எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மார்க்கெட். கீழ்த்தளங்களில் பெரும்பாலும் உதிரிபாகம் விற்பவர்கள். மைக்ரோஸ்கோப் வைத்து வேலை பார்ப்பவர்கள் மாடியில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் இருக்காது.

அம்பத்தூர்_லேத்:

கண்ணாடி மட்டும் உடைந்து படம் நன்றாகத் தெரிந்தால், கண்ணாடியை மட்டும் மாற்ற முடியுமா? எட்டடி உயரத்திலிருந்து விழுந்தபோது ஒன்றும் ஆகாத என் போன், இடுப்பு உயரத்திலிருந்து விழுந்து நொறுங்கியது எப்படி என்றும் புரியவில்லை.

மேசைவிளக்கு:

முடியும். ஆனால் அது தனிக் கலை. கண்ணாடியும் பேனலும் ஓசிஏ என்ற தெளிவான பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சூடான தட்டில் 80 டிகிரி அளவில் வைத்து, முடியைவிட மெல்லிய மாலிப்டினம் கம்பியை இரண்டுக்கும் நடுவே இழுத்துப் பிரிக்க வேண்டும். பிறகு பழைய பசையைத் துடைத்து, புது ஓசிஏ வைத்து, காற்றில்லா இயந்திரத்தில் அழுத்தி, கடைசியில் குமிழ் போக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். எல்சிடி தாங்கும். ஓலெட்டில், அதிலும் வளைந்த ஓரம் உள்ளதில், கம்பி ஒரு இழை தவறினால் பேனல் காலி. நல்ல ஆளிடம்கூட இந்த அபாயம் உண்டு. அதை முதலிலேயே சொல்பவரிடம் கொடுங்கள்.

உயரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கண்ணாடியைச் செய்யும்போது உருகிய பொட்டாசியம் உப்பில், 400 டிகிரி அளவில் முக்கி வைக்கிறார்கள். கண்ணாடியில் இருக்கும் சோடியம் அயனி வெளியேறி, அதைவிடப் பெரிய பொட்டாசியம் அயனி அதே இடத்தில் நுழைகிறது. பஸ்ஸில் ஒல்லியானவர் எழுந்த இடத்தில் பருமனானவர் உட்கார்ந்தால் வரிசையே நெருக்கிக்கொள்ளும் அல்லவா, அதுபோல மேற்பரப்பு முழுக்க அழுத்தத்தில் இருக்கும். அந்த அழுத்தம்தான் விரிசலைத் திறக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆழமான கீறல் அந்த அடுக்கைத் தாண்டிவிட்டால் அந்த இடம் பலவீனமாகிவிடும். மணல் ஒட்டிய பாக்கெட், சாவிக்கொத்து எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேலையைச் செய்கின்றன. பிறகு மூலை குத்தி விழும்போது முழு வேகமும் ஒரு புள்ளியில் இறங்குகிறது. உங்கள் போன் முதல் தடவை தட்டையாக விழுந்திருக்கும்.

கிண்டி_பையன்:

அப்படியானால் ராணுவத் தரம் என்று போட்டு விற்கும் போன்கள்?

அம்பத்தூர்_லேத்:

அது எனக்குத் தெரியும். அமெரிக்க ராணுவத்தின் எம்ஐஎல்-எஸ்டிடி-810ஜி என்ற சோதனை. நாலடி உயரத்திலிருந்து 26 தடவை போட வேண்டும். ஆனால் விழும் தரை, கான்கிரீட் மேல் விரித்த இரண்டு அங்குல பிளைவுட். அந்த 26 வீழ்ச்சிகளையும் ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். நம் ஊர் கிரானைட் தரையோ பிளாட்பாரக் கல்லோ அந்தச் சோதனையில் கிடையாது. நல்ல ரப்பர் உறை, மூலையில் மேடு உள்ளதாக, வாங்கிப் போடுவது உருப்படியான காரியம்.

வேளச்சேரி_ஐடி:

லேப்டாப் பற்றியும் இதே இழையில் கேட்கலாமா? பைக்கில் போகும்போது பை அறுந்து ஓஎம்ஆர் சாலையில் விழுந்துவிட்டது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, படம் இல்லை. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி, புது லேப்டாப்பில் பாதி விலை கேட்கிறார்கள். என்ன கோளாறு என்று கேட்டால் எழுத்தில் தர மறுக்கிறார்கள்.

மேசைவிளக்கு:

வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளால் மாட்டிப் பாருங்கள். அதில் படம் வந்தால் போர்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை லேப்டாப் திரை மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் பேனல் ஓடுகிறது, பேக்லைட் மட்டும் இல்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் பேனலோ, கீல் வழியாக வரும் டிஸ்பிளே கேபிளோ. விழும்போது அந்த கேபிள் கனெக்டரிலிருந்து பாதி நழுவுவது அடிக்கடி நடக்கிறது. அதைச் சரியாகச் செருகினாலே பலருக்கு வேலை முடிந்திருக்கிறது.

பேனல் மாற்றுவதாக இருந்தால் லேப்டாப் மாடல் பெயரை வைத்து வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று பேனல் வரும். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். கனெக்டர் 30 பின்னா 40 பின்னா என்றும் பாருங்கள். வேலை தொடங்கும் முன் உள்ளே இருக்கும் பேட்டரியைக் கண்டிப்பாகக் கழற்ற வேண்டும். மின்சாரம் இருக்கும்போது கேபிளைச் செருகினால் போர்டில் இருக்கும் பேக்லைட் ஃபியூஸ் போய்விடும். நல்ல போர்டைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தட்டுச்சுழல்:

எழுத்தில் தர மறுப்பதை அப்படியே விட்டுவிடாதீர்கள். என்ன கோளாறு, எந்தப் பாகம், என்ன விலை என்று எழுதிக் கேட்பது நுகர்வோரின் உரிமை. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஒரு தளத்தைத் தொடங்கியது. பல கம்பெனிகளின் உதிரிபாக, வாரன்டி விவரம் அதில் இருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண் உண்டு. கீழே விழுந்த சேதம் சாதாரண வாரன்டியில் வராது, அது வேறு விஷயம். ஆனால் விலைப்பட்டியல் கேட்பதற்கு வாரன்டி தேவையில்லை.

அண்ணாநகர்_வெஸ்ட்:

செலவில்லாமல் ஒரு வழி. விழுந்து டெட் ஆன போர்டை ஹேர் டிரையரில் சூடாக்கினாலோ, ஓவனில் சில நிமிடம் வைத்தாலோ உயிர் வந்துவிடும். வீடியோவில் பார்த்தேன்.

மேசைவிளக்கு:

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படிச் சூடாக்கப்பட்ட பிறகு எங்களிடம் வரும் போர்டுகளைப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

போனில் பெரிய ஐசிக்களுக்கு வெளியே கால்கள் கிடையாது. அடியில் வரிசை வரிசையாகச் சின்ன ஈயக் குண்டுகள் இருக்கும். ஈயம் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, ஐரோப்பாவில் 2006 ஜூலையில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பெரும்பாலும் தகரம், வெள்ளி, செம்பு கலந்த கலவைதான். அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். பழைய ஈயக் கலவை 183 டிகிரியிலேயே உருகும், திடீர் அடியையும் இதைவிட நன்றாகத் தாங்கும். போன் விழும்போது போர்டு ஒரு கணம் வளைந்து நிமிர்கிறது. அப்போது ஐசியின் மூலையில் இருக்கும் குண்டுகள் விரிசல் விடும், சில சமயம் போர்டிலிருந்து தடத்தோடு பிய்த்துக்கொண்டு வரும்.

ஹேர் டிரையர் சூடு அந்தக் குண்டுகளை உருக்காது. போர்டு கொஞ்சம் விரிந்து, விட்டுப்போன இடம் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். அதைத்தான் உயிர் வந்தது என்கிறார்கள். சில நாளில் மறுபடி போகும். ஓவன் இன்னும் மோசம். ஐசிக்கு அடியில் ஊற்றியிருக்கும் கெட்டிப் பசை சூட்டில் விரிந்து, உருகிய குண்டுகளைப் பக்கத்துக் குண்டுகளோடு இணைத்துவிடும். அப்புறம் அது முழு ஷார்ட். சமைக்கும் ஓவனில் இந்தப் புகையை விடவே கூடாது.

முறையாகச் செய்வதென்றால் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஹாட் ஏரில் ஐசியை எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, அறுந்த தடத்துக்கு ஜம்பர் (மெல்லிய இணைப்புக் கம்பி) போட்டு, ஸ்டென்சில் வைத்துப் புதுக் குண்டு உட்கார வைத்து, திரும்ப ஒட்ட வேண்டும். இதுதான் ரீபால். அதற்கு முன்னால், பவர் சப்ளையில் மாட்டி எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்தாலே ஷார்ட்டா, பிராசசர் எழவே இல்லையா என்பது பாதி தெரிந்துவிடும்.

இது கற்பனையான கோளாறும் இல்லை. ஐபோன் 6 பிளஸில் திரையின் மேல் சாம்பல் பட்டை துடித்து, டச் போகும் பிரச்சினை பலருக்கு வந்தது. பல முறை கடினமான தரையில் விழுந்து, அதன் மேல் இன்னும் அழுத்தமும் பட்டால் அப்படி ஆகிறது என்று ஆப்பிளே 2016 நவம்பரில் சொல்லி, 149 டாலருக்குச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. விழுந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், பல மாதம் கழித்து வெளிப்படும் சேதமும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

திருவொற்றியூர்_அலை:

என்னுடையது வேறு மாதிரி. கல்யாண வீடியோக்கள் இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தது. இப்போது செருகினால் 'டக் டக்' என்கிறது. விட்டுவிட்டுச் செருகிப் பார்க்கிறேன்.

தட்டுச்சுழல்:

உடனே நிறுத்துங்கள் சார். இனி ஒரு தடவைகூடச் செருக வேண்டாம். தரவு மீட்பு என் தொழில், அதனால் கையைப் பிடித்துத் தடுப்பதுபோல் சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றும்போது, அதைப் படித்து எழுதும் முனையான ஹெட் அதன் மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. ஓடும்போது விழுந்தால் ஹெட் தட்டில் அறைகிறது. அந்த 'டக் டக்', அடிபட்ட ஹெட் தடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பித் திரும்பிப் போவது. ஒவ்வொரு சுற்றிலும் தட்டின் காந்தப் பூச்சை அது சுரண்டலாம். சுரண்டிய இடத்தில் இருந்த வீடியோ உலகத்தில் யாராலும் மீட்க முடியாதது. நீங்கள் இப்போது நிறுத்தினால் நிறைய மிஞ்சியிருக்கும்.

வீட்டில் திறக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். ஹெட் மாற்றும் வேலை, ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் தூசி நூறுக்கு மேல் இல்லாத சுத்த அறையில் நடக்க வேண்டியது. விலை கூடத்தான் இருக்கும். "கிளீன் ரூம் அல்லது லேமினார் பெஞ்ச் (வடிகட்டிய காற்று வீசும் மேசை) இருக்கிறதா, பார்க்கலாமா" என்று கேளுங்கள். டேட்டா கிடைக்காவிட்டால் என்ன கட்டணம் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு: சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் யுஎஸ்பி போர்ட் மட்டும் போர்டிலிருந்து பெயர்ந்திருக்கலாம். கேபிளோடு விழும்போது அது சகஜம், சின்ன வேலை. டிஸ்க் இன்னும் கம்ப்யூட்டரில் தெரிகிறது ஆனால் மந்தமாக இருக்கிறது என்றால், கோப்பு கோப்பாக இழுக்காமல் டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் முதலில் வேறொரு டிஸ்க்கில் பிம்பம், அதாவது அப்படியே முழு நகல், எடுங்கள்.

பெரம்பூர்_தையல்:

எல்லாருக்கும் தகவல். அண்ணா சொன்னபடி கேட்டோம். முதல் கடையில் மறுத்தார்கள், நரசிங்கபுரம் தெருவில் ஒரு மாடியில் செய்து கொடுத்தார்கள். டிஸ்பிளே மாட்டியதும் படம் வந்தது. அளவுப் படங்கள், வாட்ஸ்அப், காண்டாக்ட் எல்லாம் எடுத்துக்கொண்டோம். போர்டில் குறை இல்லை என்றார்கள். ஆனால் பேட்டரியின் ஒரு மூலை நசுங்கியிருப்பதைக் காட்டினார்கள். அதை மாற்றாமல் டிஸ்பிளே மட்டும் போட்டால் தாங்குமா?

மேசைவிளக்கு:

ரொம்ப சந்தோஷம். நசுங்கிய பேட்டரியைத் திரும்பப் போடவே கூடாது. உள்ளே இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, சில மணி நேரம் கழித்துக்கூடச் சூடாகித் தீப்பிடிக்கலாம். இதில் சிக்கனம் வேண்டாம். பழையதை வீட்டுக்குப்பையில் போடாதீர்கள், குத்தவும் கூடாது. முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். மூன்று வருடப் பேட்டரி என்பதால் மாற்றியது வீணாகாது, போன் நாள் முழுக்க நிற்கும்.

இன்னொன்று. திறந்து மூடிய போனில் தண்ணீர் தாங்கும் வசதியை நம்பாதீர்கள். புதுப் பசை போட்டாலும் ஃபேக்டரி அடைப்பு மாதிரி வராது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஒரு ஜிப் கவருக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மயிலாப்பூர்_சுருதி:

இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். பாட்டு வகுப்பில் வைத்திருக்கும் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, பழையது, அலமாரியிலிருந்து விழுந்துவிட்டது. சத்தம் விட்டுவிட்டு வருகிறது, தட்டினால் சரியாகிறது. வந்தாலும் கரகரப்பு. மார்கழிக்குள் வேண்டும். இதையெல்லாம் இப்போது யாராவது பார்க்கிறார்களா?

மேசைவிளக்கு:

பார்க்கிறார்கள் மாமி. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். இந்தப் பழைய பெட்டிகளில் பாகங்களுக்குக் கால்கள் உண்டு, போர்டில் துளை போட்டு ஈயம் வைத்திருப்பார்கள். விழும்போது கனமான பாகம்தான் ஆட்டம் காணும்: டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெப்பாசிட்டர், சுருதி திருப்பும் குமிழ், அடாப்டர் செருகும் சாக்கெட். இவற்றின் காலைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக ஒரு கறுப்பு விரிசல் விழும். தட்டினால் சரியாவது அதனால்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரியும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பெட்டி என்றால் நீங்களே திறக்க வேண்டாம், அதில் வீட்டு மின்சாரம் நேராக வருகிறது.

கரகரப்பு ஸ்பீக்கரில் இருக்கலாம். விழும்போது பின்னால் இருக்கும் காந்தம் துளி நகர்ந்தால் உள்ளே இருக்கும் காயில் உரசும். கூம்பை இரண்டு விரலால் சமமாக மெல்ல அழுத்தினால் உரசும் சத்தம் கேட்கும். அப்படி இருந்தால் ஸ்பீக்கரை மாற்ற வேண்டியதுதான், அதே அளவில் இன்னும் கிடைக்கிறது. கழற்றும்போது அதன் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். 4 ஓமா 8 ஓமா, எத்தனை வாட் என்று அச்சடித்திருக்கும். அந்தப் படத்தையும் கூம்பின் விட்டத்தையும் இங்கே போடுங்கள், எந்தத் தெருவில் கேட்பது என்று சொல்கிறேன்.